பந்தை ஆற்றுக்குள் அடிக்காதவன்

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகக் கட்டிடத்தின் சுவரில் இப்போது பதினொரு பேர் நிற்கிறார்கள். நடுவில் பந்தை மிதித்துக்கொண்டு நிற்பவன் என் தம்பி. அவனுக்கு வலப்பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் என் பக்கத்து வளவுக்காரர், வேலிக்கு அங்கால் இருப்பவர். வெளியூர் ஆட்கள் பார்த்தால் நல்ல படம் என்பார்கள். நான் பார்க்கும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான். அந்த இரண்டு பேரும் இடம் மாறி நிற்கிறார்கள்.

இதைச் சொன்னதற்காக எனக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமல்ல. கூடப் பிறந்தவனுக்கு எதிராகக் கை தூக்கியவள் என்றார்கள். வேலிச் சண்டைக்காரனுக்காகப் பரிந்து பேசியவள் என்றார்கள். வயது போய் அறிவு கலங்கிவிட்டது என்றும் ஒருத்தி சொன்னாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எழுதுவேன். அதற்காக எழுதாமல் விட முடியாது. சுவரில் இருப்பது கழகத்தின் வரிசை. இது என் வரிசை.

புத்தகத்தில் வாவி என்று போட்டிருப்பார்கள். எங்கள் வாயில் அது ஆறுதான். நாங்கள் எழுவான்கரைக்காரர், சூரியன் எழுகிற பக்கம். ஆற்றுக்கு அங்கால், சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. எங்கள் திடலின் ஒரு பக்கத்தில் றோட்டு, மறு பக்கத்தில் ஆறு. ஆண்கள் றோட்டுப் பக்கம், வாகை மரத்தடியில் நின்று ஆட்டம் பார்ப்பார்கள். பெண்கள் ஆற்றுப் பக்கம், கவிழ்த்துப் போட்ட தோணிகளுக்குப் பக்கத்தில். ஆட்டம் பார்க்க வாருங்கள் என்று எங்களை யாரும் அழைக்கவில்லை. வலையில் நண்டு கழற்றவும் மீன் கழுவவும் நாங்கள் எப்படியும் அங்கேதான் நிற்போம். ஆட்டம்தான் எங்களிடம் வந்தது.

ஆட்டம் பின்னேரத்தில்தான் நடக்கும். வெயில் ஆண்களின் கண்ணில் குத்தும், எங்களுக்கு முதுகில் படும். அவர்கள் நெற்றியில் கையை வைத்து அரைக் கண்ணால் பார்த்ததை நாங்கள் முழுக் கண்ணால் பார்த்தோம். இதைச் சொன்னால் ஆண்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

அந்தக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு பந்து. அது ஆற்றுக்குள் விழுந்தால் எடுத்து வரும்வரைக்கும் ஆட்டம் நிற்கும். ரெஃப்ரியின் மணிக்கூடு நிற்காது. ஆகவே வெல்லுகிற பக்கத்துப் பின்வரிசைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நேரம் முடியப் போகிறதென்றால், காலில் பட்ட பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றுக்குள் அடித்துவிடுவார்கள். "ஆத்துக்க அடி! ஆத்துக்க அடி!" என்று றோட்டுப் பக்கமிருந்து ஊரே கத்தும்.

அடித்தாயிற்று. எடுப்பது யார்? தோணியடியில் நிற்கிற நாங்கள்தான். சீலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு இறங்குவோம். அடியில் கிடக்கிற மட்டிச் சிப்பி காலைக் கிழிக்கும். தண்ணீர் குடித்த தோல் பந்து பூசணிக்காய் மாதிரிக் கனக்கும். அதைத் தூக்கி எறிந்தால் நன்றி சொல்ல ஆளில்லை. "கெதியா எறி கா!" என்று எதிர்ப் பக்கத்தான் அவசரப்படுத்தி ஏசுவான். "ஆறுதலா எறி கா!" என்று எங்கள் பக்கத்தான் ஏசுவான்.

என் வரிசை அங்கேதான் உண்டானது. யார் எத்தனை கோல் போட்டான் என்று றோட்டுப் பக்கத்தார் கணக்கு வைத்தார்கள். யார் அடித்த பந்துக்காக நான் நனைந்தேன் என்று நான் கணக்கு வைத்தேன். எவனுக்குப் பயம் இருக்கிறது, எவனுக்கு இல்லை என்பது நனைந்தவளுக்குத் தெரியும். எங்கள் கழகத்தின் பின்வரிசையில் விளையாடியவர்களில் ஒரே ஓர் ஆளின் பந்துக்காக மட்டும் நான் ஒரு நாளும் தண்ணீரில் இறங்கியதில்லை. அவர்தான் என் பக்கத்து வளவுக்காரர்.

அவர் எங்கள் ஊரில் பிறந்தவர் அல்ல. படுவான்கரையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்தால் ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆகவே ஒவ்வொரு கலியாணக் காலத்திலும் கழகத்துக்கு ஆள் போகும், ஆள் வரும். தரகர் ஊருக்குள் வந்தால் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் வயல்வட்டை இருக்கிறதென்று கேட்பார்கள். கழகத்துக் கப்டன் மாப்பிள்ளை எந்த இடத்தில் விளையாடுகிறவன் என்று கேட்பான். என் புருஷன் கிரானிலிருந்து வந்தவர். நெல்லைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்வார். பந்து உருண்டை என்பதைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தெரியாது. கப்டன் என் கலியாண வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டான்.

ஒரே ஆவணியில் என் தம்பி மாப்பிள்ளையாகப் படுவான்கரையில் ஓர் ஊருக்குப் போனான். அதே ஊரிலிருந்து இந்த மனிதர் எங்களுக்கு வந்தார். தம்பி எங்கள் முன்வரிசையின் உயிர். அவன் போன அன்று ஆற்றங்கரையில் நின்று அழுதவர்களில் என் அம்மாவை விடக் கப்டன்தான் கூட அழுதான்.

அடுத்த சித்திரைப் புதுவருஷக் கிண்ணத்துக்கு இறுதி ஆட்டம் எங்களுக்கும் அந்த ஊருக்கும். அப்போது பாலம் இல்லை. அவர்களுடைய ஆட்கள் தோணியில் வந்து இறங்கினார்கள். இறங்கிய பெண்கள் எங்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அப்படித்தான் எங்களுக்கு வந்த மாப்பிள்ளையின் தாய் என் தோளோடு தோளாக நின்றா. அவவின் மகன் எங்களுக்காகப் பந்தை மறிக்கிறார். என் தம்பி அவர்களுக்காகப் பந்தைக் கொண்டு ஓடுகிறான்.

"அந்தா ஓடுறவன் உன்ட தம்பிதானே புள்ள?" என்று கேட்டா.

"ஓம்."

"நல்லா ஓடுறான். நாங்க போட்ட சோறு."

"உங்கட மகனும் நல்லா மறிக்கிறார் மாமி. நாங்க போட்ட சோறு."

மனிசி என்னைத் திரும்பிப் பார்த்தா. பிறகு ஆட்டம் முடியும்வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆனால் நகர்ந்து போகவும் இல்லை.

தம்பி ஒரு கோல் போட்டான். நாங்கள் இரண்டு. நேரம் முடியப் போகிறது. பந்து எங்கள் கோலுக்கு முன்னால் வந்து இந்த மனிதரின் காலடியில் விழுந்தது. ஆறு அவருக்குப் பக்கத்தில், எட்டி ஓர் உதை விட்டால் போதும். தம்பி அவரை நோக்கிப் பாய்ந்து வருகிறான். றோட்டுப் பக்கத்தில் ஊரே "ஆத்துக்க அடி!" என்று கத்துகிறது. கப்டன் தொண்டை கிழியக் கத்துகிறான். நான் சீலையைச் சொருகிவிட்டேன்.

அவர் அடிக்கவில்லை. பந்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு ஒரு கிறுகு கிறுகித் திரும்பினார். என் தம்பி வந்த வேகத்தில் மண்ணில் சறுக்கிக் குந்திவிட்டான். அவர் பந்தை ஆறுதலாகக் கொண்டுபோய், தலையைத் தூக்கிப் பார்த்து, நடுவில் நின்ற எங்கள் ஆளுக்குத் தட்டிக் கொடுத்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பு அல்ல, வாய்விட்டு. கூடப் பிறந்தவன் மண்ணில் குந்திக்கொண்டு இருக்கிறான், அக்கா சிரிக்கிறாள். அம்மா என் கையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் நீலமாக இருந்தது. தம்பி அந்தச் சிரிப்பைக் கேட்டான். மறக்கவும் இல்லை.

அந்தத் தாய் மகனின் முகத்தைப் பாராமலே தோணியில் ஏறிப் போனா. அதற்குப் பிறகு பல வருஷம் பிறந்த ஊரிலிருந்து பொங்கலுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. எங்கள் ஊரிலும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. "கிண்ணத்தக் கைவிடப் பாத்தான், திமிர் புடிச்சவன்" என்று கப்டன் அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறான். அந்தக் கப்டன்தான் இப்போது கழகத் தலைவர். எனக்கு மாமி மகன், மச்சான் முறை. பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவன். பஸ்ஸிலும் அவன் சொன்ன இடத்தில்தான் ஆட்கள் இறங்க வேண்டும்.

இடையில் யுத்தம், எங்கள் வாயில் பிரச்சினைக் காலம், வந்தது. திடலில் மாடு மேய்ந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பந்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேலிச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கும் அந்த மனிதருக்கும் நல்ல உறவு என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரு தென்னை. ஒரு வருஷம் வேலி அடைக்கும்போது மனிதர் கதியால் தடிகளை என் பக்கமாகத் தள்ளிப் போட்டார். தென்னை அவர் பக்கம் போய்விட்டது, அதோடு ஓர் ஆள் நிற்கக்கூடிய அகலத்துக்கு என் நிலமும். அவரைக் கேட்டால் பழைய வேலிதான் பிழை என்பார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியதை ஆட்டுக்குச் சொல்வோம்.

"ஆடே, விழுந்த தேங்காய் ஆருட எண்டு கேட்டியா?" என்று நான் என் ஆட்டிடம் கேட்பேன்.

"ஆடே, மரம் எந்தப் பக்கம் நிக்குதெண்டு பாரு. உனக்குக் கண் இரிக்குத்தானே" என்று அவர் தன் ஆட்டிடம் சொல்வார்.

இப்படியே காலம் போனது. ஆடுகள்தான் மாறின.

இந்த வருஷம் கழகத்துக்குப் புதுக் கட்டிடம் கட்டினார்கள். வெள்ளை அடித்த சுவரில் கழகத்தின் மிகச் சிறந்த பதினொரு பேரைப் படமாகக் கீறுவதென்று முடிவு. முதலாம் இடக்காரர் நடுவில் நிற்பார். திறப்பு விழா அன்று முதல் பந்தை அவர்தான் அடிப்பார். அவ்வளவுதான், ஊர் இரண்டாகியது. போனில் சண்டை, தேத்தண்ணிக் கடையில் சண்டை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க அங்கே போனால், சண்டையைக் கேட்பதற்காகவே ஆறுதலாக வாங்குவேன்.

"கீப்பருக்கு ஆறாம் இடமா? டேய், அந்த மனிசன் வாய் நிறைய வெத்திலயோட பெனால்டி புடிச்ச ஆள்டா!"

"புடிச்சது ஒண்டு. விட்டது எத்தின?"

"விட்டத நீ பாத்தியா? நீ அப்ப பிறக்கவேயில்ல."

"என்ட மாமா பாத்தவர்."

"உன்ட மாமா ஆட்டம் நடக்கக்குள்ள ஆருடயோ மரத்தில இளநி புடுங்கினவர். மேல இருந்து பாத்திருப்பார்!"

ஒருநாள் என்னையும் கேட்டார்கள். "மாமி, நீங்க சொல்லுங்க. உங்கட தம்பிதானே முதலாவது?"

"இல்ல. என்ட வேலிக்கு அங்கால இரிக்கிறவர்."

கடையே சிரித்தது. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார்கள். நான் பாணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கதை ஆற்றைத் தாண்டிப் போகாமல் இருக்குமா? கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே தம்பி மோட்டார் சைக்கிளில் பாலத்தால் வந்துவிட்டான். என் வளவு வாசல் கடப்படியில் சைக்கிளை நிறுத்தி, காலைக் கழுவி, அம்மா இருந்த இடத்தில் குந்தினான். எங்கள் வழக்கத்தில் தாய் வீடு மூத்த பெண்ணுக்கு வந்துவிடும். ஆகவே அவனுக்குப் பிறந்த வீடு என்றால் என் வீடுதான். எனக்கும் கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். அவனுக்குப் பிடித்த மாதிரி நண்டுக் கறியில் முருங்கையிலை கூடப் போட்டிருந்தேன்.

நண்டின் கோதை உடைத்துக்கொண்டே சொன்னான். "அக்கா, எனக்கு எழுபது வயசாகுது. மற்ற எல்லாம் கிடைச்சிற்று. அந்தச் சுவரில நடுவில நிக்கோணும். அது ஒண்டுதான்."

"நில்லு. ஆரு வேணாமெண்டது? நடுவில இல்ல, பக்கத்தில நில்லு."

"நான் எத்தின கோல் போட்டனான்?"

"எங்களுக்கும் போட்டாய், எங்கட கோலுக்குள்ளயும் போட்டாய். ரெண்டையும் கூட்டித்தான் சொல்லுறியா?"

அவன் கையை எடுத்துவிட்டான். நண்டு பாதியில் கிடந்தது. "நீ அண்டைக்கும் சிரிச்சனி. கேள் அக்கா. இண்டைக்குக் கூட்டத்தில நீ அவருக்குக் கை தூக்கினாயெண்டா, நான் இந்தக் கடப்பத் தாண்டி உள்ளுக்க வரமாட்டன்."

அவன் பொய் சொல்லுகிறவன் அல்ல. "சாப்பிட்டு முடி" என்றுதான் சொன்னேன். முடிக்காமலே எழுந்தான்.

கூட்டம் வாகை மரத்தடியில். பெண்கள் அங்கே போவதில்லை. நான் போனேன். இருக்கக் கதிரை தரவில்லை, நின்றேன். தலைவர் எழும்பிக் கடதாசியைப் பார்த்து வாசித்தான். இந்த ஊர் மண்ணில் பிறந்தவர்களை மட்டும்தான் வரிசையில் சேர்ப்பது என்று நிருவாகம் முடிவு செய்திருக்கிறதாம். வெளியிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர்கள் நல்லவர்கள்தானாம், ஆனால் கழகத்தின் இரத்தம் அல்லவாம்.

யாருக்காக இந்தச் சட்டம் என்று எனக்குத் தெரியும். ஒருவரை வெளியில் தள்ளுவதற்காக.

"மச்சான், ஒரு கேள்வி" என்றேன்.

"கூட்டம் முடிய வீட்ட வந்து சொல்லுறன் மச்சாள். நீங்க இஞ்ச ஏன் வந்தீங்க?"

"வீட்ட வரவேணாம். இஞ்சயே சொல்லு. இந்தக் கழகத்துக்கு முதல் பந்து கொண்டந்தவர் ஆரு?"

"என்ட அப்பா." அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அவர் எங்க பிறந்தவர்?"

அவன் கடதாசியைக் குனிந்து பார்த்தான். அவனுடைய அப்பா நாவற்குடாவில் பிறந்து, என் மாமியைக் கட்டி எங்கள் ஊருக்கு வந்தவர். கழகத்தின் முதல் கப்டன். வரிசையில் நாலாம் இடத்தில் இருந்தவர்.

"மறுகா, வெத்திலக் கீப்பர் எங்க பிறந்தவர்?" என்றேன். பின்னால் நின்ற பேரன் ஒருவர் "ஐயோ, அவர் எங்கட மூத்தப்பா, படுவான்கரை!" என்றார். இன்னொருவர் தன் மாமனாரைச் சொன்னார். ஒருவர் தன் தகப்பனைச் சொன்னார். ஒவ்வொருவரும் விரலை மடக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு சட்டம் போட்டால் யார் மிஞ்சுவது? பதினொரு பேரில் ஏழு பேர் வரிசைக்கு வெளியில் போய்விட்டார்கள். மிஞ்சிய நாலு பேரும் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனவர்கள்.

"இப்ப விளையாடுற பொடியன்மாரும் ஏலாது. அவனுகள் எல்லாரும் ஆஸ்பத்திரியில பிறந்தவனுகள்" என்று யாரோ சொல்ல, மரத்தடி முழுக்கச் சிரிப்பு.

தலைவர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். "சரி, அந்தச் சட்டம் வேணாம்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "ஆனா மச்சாள், ஒண்டு சொல்லு. அந்த மனிசன் அண்டைக்கு ஆத்துக்க அடிச்சிருந்தா கிண்ணம் பயமில்லாம வந்திருக்கும். அவன் செஞ்சது சரியா?"

"பயத்தோட எடுத்த கிண்ணம் உங்களிட்ட எத்தினயோ இரிக்கு மச்சான். அண்டைக்கு மட்டும்தான் பயமில்லாம எடுத்தனீங்க. நீ கத்தினாய், ஊர் கத்திச்சு, முன்னுக்கு என்ட தம்பி பாஞ்சு வாறான், பின்னுக்குப் பெத்த தாய் நிக்கிறா. அவர் பந்தத்தான் பாத்தவர். அப்படி ஒரு ஆள் இந்தத் திடலில நான் காணல்ல. கண்டவங்க இரிந்தா சொல்லுங்க."

"தம்பிக்கு எதிராவா கதைக்கிறாய்?"

"நான் ஆட்டத்தக் கதைக்கிறன். தம்பியப் பத்திக் கேக்கிறதெண்டா வேற நாள் கேளு. நல்லாச் சொல்லுவன்."

முதலாம் இடத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். என் தம்பிக்குத்தான் கூடக் கைகள். அதில் குறை சொல்ல மாட்டேன், அவன் போட்ட கோல்களைக் கண்டவர்கள் கண்டதற்குத் தூக்கினார்கள். அடுத்ததாகப் பக்கத்து வளவுக்காரரைச் சொன்னார்கள். அவர் கூட்டத்துக்கு வரவில்லை, முழங்கால் ஏலாது. நான் தூக்கினேன். கீப்பரின் பேரன் தூக்கினார். இன்னும் கொஞ்சப் பேர் தூக்கினார்கள். என் கைதான் முதலில் மேலே போனது, கடைசியாக இறங்கியது. கையை மேலே வைத்துக்கொண்டே தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு பாலத்துப் பக்கம் போய்விட்டான்.

அவனுக்கு முதலாம் இடம். அவருக்கு இரண்டாம் இடம். எனக்குக் கடப்படியில் யாரும் இல்லை.

சிலர் வந்து ஆறுதல் சொன்னார்கள். "ஒரு வார்த்த பிழையெண்டு சொல்லி அனுப்பு கா. ஆம்பிளைக்குக் கோவம் ஆறிரும்" என்றார்கள். எது பிழை? நான் கண்டதைக் கண்டேன் என்றேன். அவனுக்கு நடுவிடம் கிடைத்துவிட்டது, அக்காவின் கையும் சேர்ந்துதான் கிடைக்க வேண்டும் என்றால் அது பேராசை. தூக்கிய கையைப் பிறகு தண்ணீரில் கழுவிவிட்டால் தூக்கவில்லை என்று ஆகிவிடுமா?

பக்கத்து வளவிலிருந்து நன்றி என்று ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குப் பிடித்திருக்காது. இரண்டு நாள் கழித்து வேலிக்கு அங்கால் குரல் கேட்டது.

"ஆடே, கேட்டியா? சில பேருக்குப் பந்தப் பத்தி நல்லாத் தெரியிது. வேலியப் பத்தித்தான் ஒண்டும் தெரியாது."

"ஆடே," என்றேன் நான், "மண்ணில மனிசரக் குந்த வைக்கிறவங்க மண்ணக் களவெடுக்கவும் செய்வாங்க."

திறப்பு விழா அன்று நான் வழமை போல ஆற்றுப் பக்கம் போய், கவிழ்ந்து கிடந்த தோணியில் சாய்ந்துகொண்டு நின்றேன். தம்பி வெள்ளைச் சட்டையும் மாலையுமாக நடுவுக்கு வந்தான். பந்தை வைத்தான். அடித்தான். நல்ல அடி. எழுபது வயதுக்கு மிக நல்ல அடி. நேராகப் போய்க் கோலுக்குள் விழுந்தது. ஊர் கத்தியது. நானும் கை தட்டினேன். அவன் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். வெயில் அவன் கண்ணில் அடித்தது.

நான் வீட்டுக்கு வந்து நண்டுக் கறி வைத்தேன். வருவான் என்று வைக்கவில்லை. வராவிட்டாலும் அந்த நாளுக்கு அந்தக் கறிதான்.

கறி கொதிக்கும்போது வேலிக்கு அங்கால் பேச்சுக் குரல் கேட்டது. ஒன்று வளவுக்காரருடையது. மற்றது தம்பியுடையது. என் கடப்பைத் தாண்டமாட்டேன் என்றவன், பக்கத்துக் கடப்பைத் தாண்டி அவரிடம் போயிருக்கிறான். நான் அடுப்பைத் தணித்துவிட்டு, சத்தம் போடாமல் நின்றேன்.

"உண்மையச் சொல்லு மச்சான்," என்றான் தம்பி. "அண்டைக்கு நீ ஏன் ஆத்துக்க அடிக்கல்ல?"

அவர் சொன்னார். "அடிச்சா உன்ட அக்காதானே இறங்கி எடுக்கோணும். அதுக்கு முதல் கிழமை வேற ஒருத்தன் அடிச்சதுக்கு அந்த மனிசி ஏசின ஏச்சு கேட்டனான். அந்த வாய்க்குப் பயந்துதான்."

இருவரும் சிரித்தார்கள், இருமல் வரும்வரைக்கும்.

பயப்படாதவர் என்றுதான் நான் அவருக்கு முதலாம் இடம் கொடுத்தேன். ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இப்போது மனிதர் இப்படிச் சொல்கிறார். அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன். யோசித்த பிறகும் என் வரிசை மாறவில்லை. ஊருக்கும் கப்டனுக்கும் பெற்ற தாய்க்கும் பயப்படாமல், பயப்பட வேண்டிய ஆளுக்கு மட்டும் பயந்திருக்கிறார். அதுவும் நல்ல ஆட்டம்தான்.

"அக்கா" என்று ஒரு குரல்.

வேலியடியில் தம்பி நிற்கிறான். என் வளவுக்கு வரவில்லை. வேலிக்கு அங்காலே, அந்தத் தென்னையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். மாலை இன்னும் கழுத்தில்.

"கடப்பத் தாண்ட மாட்டனெண்டு சொன்னனி" என்றேன்.

"தாண்டல்லத்தானே. இது ஆருட நிலம் அக்கா? உன்ட நிலமெண்டு எத்தினயோ வருசமாச் சொல்லுறாய்."

"என்ட நிலம்தான்."

"அப்ப நான் உன்ட வளவுக்குள்ளதானே நிக்கிறன். கறிய எடு."

"ஆடே!" என்று உள்ளேயிருந்து வளவுக்காரர் கத்தினார். "அது என்ட நிலமெண்டு அந்த ரெண்டு பேருக்கும் சொல்லு!"

தட்டில் சோறு போட்டு, பெரிய நண்டாகப் பார்த்து வைத்து, வேலிக்கு மேலால் நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிக்கொண்டு, தட்டைப் பாராமல் என் முகத்தைப் பார்த்தான்.

"இப்பயாவது சொல்லு அக்கா. ஆரு முதலாவது?"

"சோறு எத்தின தரமெண்டாலும் போடுவன்," என்றேன். "முதலாமிடம் போடமாட்டன்."